சோளகம் சுமந்து வருவது

மன்னார்த் தீவின் வடகரையில், பாக்குக் கடலைப் பார்த்தபடி இருக்கும் பேசாலையில் ஆண்டு இரண்டு காற்றுகளால் ஆனது. மே மாதமளவில் சோளகம் பெயரும். செப்டெம்பர் வரை ஓயாது. ஒக்டோபரில் மழை தொடங்கும், அதன் பின்னால் வாடை வரும். வலையும் வள்ளமும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டவை. தும்மலும் அப்படித்தான். சோளகம் தொடங்கியதும் விடியற்புறத்தில் அடுக்கடுக்காகத் தும்மல், கண் கடி, மூக்கால் தண்ணீர், சில பிள்ளைகளுக்கு இரவில் தொய்வு. காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வீட்டிலே ஒரு வேது பிடித்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும். மருத்துவ நூல்களோ பருவகால ஒவ்வாமையை வடதேசத்துப் புல்வெளிகளின் நோயாக, பூப்பூக்கும் மாதங்களின் நோயாக எழுதிவைத்திருக்கின்றன. இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஓர் உண்மை விடுபட்டுப்போயிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பேசாலையில் வரும் தும்மலில் பெரும்பங்கு அதே ஒவ்வாமைதான். ஆனால் அதன் நாட்காட்டியைப் பூக்கள் எழுதவில்லை, காற்று எழுதுகிறது. அந்தக் காற்று எதைச் சுமக்கிறது என்பதைக் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் மனிதர் செய்த காரியங்கள் தீர்மானித்திருக்கின்றன.

இந்த நோய்க்கு முதன்முதலில் எழுத்தில் வடிவம் கொடுத்தவர் ஜோன் பொஸ்டொக் என்ற இங்கிலாந்து வைத்தியர். 1819இல் லண்டன் மருத்துவச் சங்கமொன்றில், சிறு வயதிலிருந்தே கோடைதோறும் தன் கண்ணையும் மார்பையும் வாட்டிய தொல்லையை ஒரு நோயாளியின் கதையாக அவர் வாசித்தார். 1828இல் 28 பேரின் விவரங்களோடு மீண்டும் எழுதினார். வைக்கோல் வாசனையே காரணம் என்று ஊர் பேசியதை அவர் ஏற்கவில்லை; கோடை வெப்பத்தையே சந்தேகித்தார். அந்தச் சந்தேகம் பிழையென்று காட்டியவர் மான்செஸ்டரின் சார்ல்ஸ் பிளக்லி. 1873இல் வெளிவந்த அவருடைய நூல் மகரந்தத்தின் மேல் நேரடியாகக் கைவைத்தது. பசை தடவிய கண்ணாடித் தகடுகளைப் பட்டத்தில் கட்டி ஆயிரம் அடிக்கும் மேலே ஏற்றி, இறங்கிய தகட்டை நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து மணிகளை எண்ணினார். தன் தோலைக் கீறி மகரந்தத்தைத் தேய்த்துத் தடிப்பு எழும்புவதையும் பார்த்தார். தை மாதம் வாடை பிடித்ததும் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வானத்தை நிறைக்கும் பட்டங்களைப் பார்த்து வளர்ந்த வடபகுதி வாசகருக்கு அந்தப் பட்டச் சோதனையின் அழகை விளக்க வேண்டியதில்லை. தரையில் கிடைத்ததைவிட உயரத்தில் கூடுதலான மகரந்தம் கிடைத்தது. காற்று நெடுந்தூரம் சுமக்கும் என்பதற்கு அது வலுவான சாட்சி.

ஆனால் அதே ஆராய்ச்சியோடு ஒரு பிழையான முடிவும் சேர்ந்துகொண்டது. ஏழைகளிடம் இந்த நோயைத் தான் காணவில்லை என்றார் பொஸ்டொக். வயலிலே புல் அறுப்பவர்களுக்கு வராமல் படித்த நகரவாசிகளுக்கே வருகிறது என்பது பிளக்லிக்கும் வியப்பாக இருந்தது. அமெரிக்காவில் ஜோர்ஜ் பியர்ட் 1876இல் இதை நாகரிக வாழ்க்கையின் நரம்புத் தளர்ச்சியோடு முடிச்சுப் போட்டார். லண்டன் தொண்டை வைத்தியர் மொரெல் மக்கென்சி 1880களில் இன்னும் ஒரு படி மேலே போய், ஆங்கிலேயருக்கு இது கூடுதலாக வருவதே மற்ற இனங்களைவிட அவர்கள் உயர்ந்தவர்கள் என்பதற்குச் சான்று என்ற தொனியில் எழுதினார். இந்த நினைப்போடு கப்பலேறி வந்த ஒரு குடியேற்ற வைத்தியர், மன்னாரிலே கரைவலை இழுக்கும் ஒருவர் தும்மினால் என்ன எழுதியிருப்பார்? தடிமன் என்றுதான். இங்கே இந்த நோய் இல்லை என்ற எண்ணம் பிறந்தது தேடிப்பார்த்துக் காணாததால் அன்று. தேடவே தேவையில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள்.

தமிழில் மேலைமருத்துவம் புகுந்த காலக்கணக்கும் இதில் ஒரு பங்கு வகித்தது. மானிப்பாயில் இருந்து தமிழிலேயே வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மாணவர்களுக்காக ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவருடைய ‘வைத்தியாகரம்’ 1872இல் வந்தது. அவர் இலங்கையை விட்டுப் புறப்பட்ட 1873ஆம் ஆண்டுதான் பிளக்லியின் நூல் வெளியானது. தமிழ் வழி மருத்துவக் கல்வி அவரோடு மங்கிப்போனது. மகரந்தக் கோட்பாடு தமிழுக்கு வரவேண்டிய வாசலும் அத்தோடு அடைபட்டது. அரசாங்கத்தின் கண் வேறு பக்கம் இருந்தது. மன்னார்க் கரை அதற்கு முத்துக்குளிப்புக் கரை, தோட்டங்களுக்குக் கூலியாட்கள் வந்திறங்கும் கரை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், பேசாலை வழியே ரயிலும் ஓடத் தொடங்கின. அக்கரையில் மண்டபம் முகாமில் ஆட்களைத் தடுத்துவைத்துச் சோதித்தது வாந்திபேதிக்கும் அம்மைக்கும் அஞ்சி. ஆளைக் கொல்லாத தும்மலுக்கு அந்தப் பதிவேடுகளில் இடமில்லை. நம் சொந்த மருத்துவம் இவ்விஷயத்தில் கூர்மையாக இருந்தது. சித்த வைத்தியம் பீனிசத்தைத் தனி நோயாக வகுத்து, அடுக்குத் தும்மலையும் மூக்கடைப்பையும் நீரொழுக்கையும் குறித்துவைத்தது. ஆனால் அது காரணத்தை உடம்பின் வாத பித்த கபத்தில் தேடியது. காற்றில் மிதப்பது எது என்ற கேள்வி அங்கேயும் எழவில்லை.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். முதல் ஆட்சேபம் வலுவானது: கடற்காற்று தூய்மையானது. பொஸ்டொக்கே ஆறுதல் தேடிக் கெண்ட் பகுதியின் ராம்ஸ்கேட் கடற்கரைக்குப் போனார். கடலுக்கு மேலே வரும் காற்றில் மகரந்தம் குறைவு என்பது பின்னாளில் உறுதிப்பட்டது. அப்படியானால் நாலுபுறமும் கடல் சூழ்ந்த தீவில் மகரந்த ஒவ்வாமை எப்படி? விடை பேசாலையின் இருப்பிடத்திலேயே இருக்கிறது. தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் மன்னார்க் குடாவைத் தாண்டித் தீவின் தென்கரையில் ஏறும்போது தூய காற்றுத்தான். பேசாலையை எட்டுமுன் அது தீவின் முழு அகலத்தையும், மணற்றிட்டிகளையும் பனங்கூடலையும் உடைமரப் பற்றைகளையும் காய்ந்த வெளிகளையும் கடந்தாக வேண்டும். சோளகத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கும். அதனால் பேசாலைக் கரையில் தொழில் கூடும். கடலுக்கு நல்ல காலமாக இருக்கும் அதே மாதங்களில் கரையில் நிற்பவர் மூக்குக்குள் தரையின் தூள் எல்லாம் வந்து சேர்கிறது. வாடையோ நேரே கடலிலிருந்து ஊருக்குள் நுழைகிறது. ஒரே ஊர், ஒரே மூக்கு, இரண்டு காற்று. ஒன்று தரைக்காற்றாகவும் மற்றது கடற்காற்றாகவும் வந்து சேர்கின்றன.

சோளகம் கடந்து வரும் அந்தத் தரையில் என்ன முளைத்திருக்கிறது? மணற்றிட்டியில் இராவணன் மீசை. ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனியாக நின்று, காற்றையே நம்பி மகரந்தம் பரப்பும் புல் அது. முற்றிய முள்ளுருண்டைகள் காற்றுக்கு முன்னால் மணலில் உருண்டோடுவதைக் கடற்கரைப் பிள்ளைகள் துரத்திப் பிடிப்பார்கள். உள்ளே அறுகும் கோரையும். அறுகின் மகரந்தம் உலகம் முழுக்க அறியப்பட்ட ஒவ்வாமைக் காரணி. இவை பெரும்பாலும் மழைக்குப் பிறகு பூக்கும்; அப்படியானால் மே மாதத்துத் தும்மலுக்கு இவை எப்படிப் பொறுப்பாகும் என்று கேட்கலாம். உதிர்ந்த மகரந்தமும் அதன் துணுக்குகளும் மணலோடு தூளாகக் கலந்து கிடக்கின்றன. மாரிக்குப் பின் மழை குறைந்துவிடும் தீவில் அவற்றை முழுதாகக் கழுவிப்போகப் போதிய மழை இல்லை. சோளகம் எழும்பும்போது மாதக்கணக்காகச் சேர்ந்தது ஒரே வீச்சில் மேலே கிளம்புகிறது. பூக்கும் காலமும் தும்மும் காலமும் விலகி நிற்பது இதனால்தான் என்று கருதுகிறேன். ஐரோப்பிய நாட்காட்டியை இங்கே ஒட்டவைக்க முடியாததும் இதனால்தான். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. அராபிய வணிகர் கொண்டுவந்தது என்று சொல்லப்படும் அந்த மரத்தின் பூவை வௌவால் நாடி வரும். அதன் மகரந்தம் காற்றை நம்பியதல்ல.

பனை இன்னும் நுட்பமான கதை. பனை, தென்னை, கமுகு, ஈச்சை ஆகியவற்றின் மகரந்தம் ஒவ்வாமை தருவதைக் கிழக்கிந்தியாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மன்னார்த் தீவில் பனைக்குக் குறைவில்லை. ஆனால் ஆண் பனையின் பாளையைச் சீவல் தொழிலாளி என்ன செய்கிறார் என்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். குருத்துப் பாளைகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுகிறார், நசுக்குகிறார், நாளுக்கு இரண்டு நேரம் நுனியைச் சீவுகிறார், அடியில் முட்டியைக் கட்டுகிறார். அந்தப் பாளையில் பூ விரிவதற்கு வழியே இல்லை. சீவப்படும் ஒவ்வோர் ஆண் பனையும் அந்தப் பருவத்தில் மகரந்தம் உதிர்க்காத பனை. யுத்த காலத்தில் ஊரடங்கும் இடப்பெயர்வும் பாதுகாப்பு வலயங்களும் பனை ஏறுவதைப் பல இடங்களில் நிறுத்தின. சமாதானம் வந்த பிறகும் அந்தத் தொழிலுக்குப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோருக்கு விருப்பமில்லை. சீவாமல் விடப்பட்ட பாளை விரிகிறது. இதை நேரடியாக அளந்து நிரூபித்துவிட்டதாக நான் சொல்லவில்லை. ஆனால் தாவரவியலின்படி வேறு விதமாக நடக்க முடியாது. கூடுதலாக எவ்வளவு என்பது மட்டுமே விவாதத்துக்குரியது.

புதிதாக வந்த செடிகளின் கதை வெளிப்படையானது. 1876இல் சென்னை மாகாணத்தின் வன அதிகாரி பெடோம் சீமைக் கருவேல விதைகளை வரவழைக்கக் கேட்டார். அடுத்த ஆண்டு கடப்பைக்கு அருகே கமலாபுரத்தில் அவை விதைக்கப்பட்டன. அக்கரையில் இராமநாதபுரத்தை அது இன்று மூடி நிற்கிறது. இக்கரையில் 2008இல் சரணாலயமாக்கப்பட்ட வங்காலைச் சதுப்புநிலத்தின் ஓரங்கள் வரை வந்துவிட்டது. அதன் மகரந்தத்தைப் பூச்சிகள் சுமந்தாலும் காற்றிலும் அது நிறையக் கிடைக்கிறது. வட இந்தியாவில் அது முக்கியமான ஒவ்வாமைக் காரணிகளில் ஒன்று. 1987க்கும் 1990க்கும் இடையில் இந்தியப் படையின் ஆடுகளோடும் பொருட்களோடும் பார்த்தீனியம் வந்தது என்பது வடக்கில் நிலைத்த கருத்து. தோலையும் மூக்கையும் ஒருசேரத் தாக்கும் செடி அது. இவற்றுக்கு இடம் கிடைத்தது எப்படி? ஆளில்லாத நிலத்தில். 1990 ஒக்டோபரில் தீவின் முஸ்லிம் மக்கள் ஒரேயடியாக வெளியேற்றப்பட்டார்கள். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் வீடுகள் வெறுமையாயின; பெருநிலத்தில் முசலிப் பக்கம் ஊர்களே காடேறின. அதே ஆண்டுகளில் பேசாலையில் அகதிகள் நிரம்பி வழிந்தார்கள். மனிதர் ஒரு துண்டு நிலத்தில் நெருங்கிக் கிடக்க, பக்கத்து நிலத்தில் பற்றை வளர்ந்தது. ஒவ்வாமையின் வரலாற்றை எழுதுபவர் இந்த அநியாயத்தைத் தாண்டிப்போக முடியாது.

தரைக்கு அடுத்தது தொழில். கரைக்கு வந்த வலையில் சொறி சிக்கிக் கிடக்கும். பச்சையாக இருக்கையில் கையில் பட்டால் எரியும் என்பது எவருக்கும் தெரியும். ஆனால் வலையோடு காய்ந்த பிறகு, வலையை உதறும்போது பறக்கும் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் பிடித்துக்கொள்ளும். காய்ந்தாலும் அதன் கொட்டும் நுண்கலங்கள் வீரியம் இழப்பதில்லை. யப்பானில் ஒரு வகைச் சொறிக்குத் தும்மல் சொறி என்றே பட்டப்பெயர். மருத்துவ வரலாறு இங்கே கடற்கரைக்கு எவ்வளவு கிட்ட வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1901இல் மொனாக்கோ இளவரசரின் ஆராய்ச்சிக் கப்பலில் சார்ல்ஸ் றிஷேயும் போல் போர்ட்டியேயும் நீல மிதவையுள்ள கொடிய சொறிவகையின் நஞ்சைத்தான் ஆராயத் தொடங்கினார்கள். கரை திரும்பிக் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றியபோது, முதல் முறை தாங்கிய நாய் இரண்டாம் முறை சிறிதளவிலேயே செத்தது. பாதுகாக்க வேண்டிய உடம்பே தன்னைத் தாக்குகிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பு 1902இல் வெளியானது. றிஷேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வாமைக்கு இன்று உலகம் வழங்கும் பெயரை வியன்னாவின் பிர்க்கே 1906இல் சூட்டினார். புல்வெளியில் பிறந்ததாகச் சொல்லப்படும் இந்த அறிவியலின் ஒரு கால் முதலிலிருந்தே கடலில் ஊன்றியிருந்தது. கருவாட்டு வாடிகளையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்: காய்ந்த மீனின் தூளும், கருவாட்டில் பிடிக்கும் வண்டின் உதிரியும் மூச்சோடு உள்ளே போய் மூக்கையும் மார்பையும் பழுதாக்கும் தொழில்நோய், மீன் பதனிடும் ஊர்கள் எங்கும் அறியப்பட்டது.

மீனவர் உரமானவர்கள், அவர்களுக்கு இது வருவதில்லையே என்பார்கள். பொஸ்டொக்கும் பிளக்லியும் வயல் தொழிலாளரைப் பற்றிச் சொன்ன அதே வாதம்தான் இது; அதே ஓட்டையும் உண்டு. கருவாட்டுத் தூள் ஒத்துக்கொள்ளாதவர் அந்த வேலையை விட்டுவிடுகிறார். எஞ்சி நிற்பவரை மட்டும் பார்த்தால் தொழில் யாருக்கும் தீங்கு செய்யாததுபோலத் தோன்றும். இன்னொரு மறுப்பு அறிவியலிலிருந்தே வருகிறது. 1989இல் டேவிட் ஸ்ட்ராக்கன், 17,000க்கு மேற்பட்ட பிரித்தானியப் பிள்ளைகளின் விவரங்களைக் கொண்டு, அண்ணன் அக்காமார் நிறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த நோய் குறைவு என்று காட்டினார். சிறு வயதில் தொற்றுகளுக்குப் பழகிய உடம்பு பின்னாளில் மகரந்தத்தோடு மல்லுக்கட்டாது என்பது கருத்து. பெரிய குடும்பம், மணலில் விளையாட்டு, குடலில் பூச்சி: பேசாலைப் பிள்ளை காப்பாற்றப்பட்டிருக்க வேண்டுமே? ஓரளவு காப்பாற்றப்பட்டும் இருக்கலாம், நேற்றுவரை. இன்று குடும்பம் சிறுத்துவிட்டது, பாடசாலையில் பூச்சிமருந்து கொடுக்கிறார்கள், கிடுகு வீடு கல்வீடாகிவிட்டது. அந்தக் கருத்து உண்மையானால் அது சொல்வது இங்கே நோய் கூடப்போகிறது என்பதைத்தான். ஒரு மருத்துவச் சிக்கலும் இதில் உண்டு. 1960களில் கண்டறியப்பட்ட ஒவ்வாமைப் புரதம் குடற்புழு உள்ளவர் இரத்தத்திலும் ஏறிநிற்கும். மொத்த அளவை மட்டும் பார்த்து ஒவ்வாமை என்று முடிவு கட்டுவது வெப்பநாட்டில் பிசகிப்போகும். எந்தப் பொருளுக்கு எதிராக என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கடற்காற்றான வாடையிலும் சிலர் தும்முகிறார்களே என்பது நியாயமான கேள்வி. அந்தத் தும்மல் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. 1964இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள் வீட்டுத் தூசியின் குற்றவாளி கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணி என்று காட்டினார்கள். அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழ்கிறது. மழை மாதங்களில் மெத்தையும் தலையணையும் அதற்குச் சொர்க்கம். சுவரில் பூஞ்சணமும் பிடிக்கும். பனையோலைப் பாயை வெயிலில் போட்டு உதறிவிடலாம், பஞ்சு மெத்தையை அப்படிச் செய்ய முடியாது. எல்லாத் தும்மலும் ஒவ்வாமையல்ல என்பதையும் மறைக்கக்கூடாது: வெறும் மணல் யாருடைய மூக்கையும் அரிக்கும். கண்ணிலும் அண்ணத்திலும் கடி, அடுக்குத் தும்மல், குடும்பத்தில் தொய்வோ கரப்பனோ இருப்பது, மருந்துக்கு உடனே அடங்குவது ஆகிய இவை சேர்ந்து வந்தால்தான் ஒவ்வாமை என்று சொல்லலாம்.

இனி வெளிக்காற்றுக்குத் திரும்பினால், 2020 டிசெம்பரில் தீவின் தென்கரையில் 30 கோபுரங்களோடு தம்பபவனி காற்றாலை திறக்கப்பட்டது. 2025இல் மேலும் காற்றாலைகளுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள். சுழலும் இறக்கைதான் தும்மலைக் கொண்டுவந்தது என்று சொல்ல ஆதாரமில்லை; சோளகம் அதற்கு முன்பும் இதே ஊருக்குள்தான் வீசியது. ஆனால் இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் வேரோடு பிடித்துவைத்திருக்கும் மணலைக் கிளறினால் காற்றுக்கு மேலதிகச் சுமை ஏறும் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாதது. மணல் அகழ்வுக்கு எதிரான வாதத்தில் நிலத்தடி நீரைப் போலவே மூச்சும் இடம்பெற வேண்டும்.

மருந்தின் வரலாறு இந்தக் கரையில் ஒரு தனி ஆபத்தோடு வந்தது. 1937இல் டானியல் போவே கண்டுபிடித்த ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளின் வழிவந்த குளோர்பெனிரமைன், பிரிட்டோன் என்ற பெயரில் இலங்கையின் மூலை முடுக்கெல்லாம் போனது. மஞ்சள் குளிசை, விலை மலிவு, தும்மலை நிறுத்தும், நித்திரையையும் கொண்டுவரும். சோளகத்தில் வடகடல் அடங்கியிருக்க இரவு முழுதும் வலையோடு விழித்திருக்க வேண்டிய ஒருவருக்கு அது ஏற்ற மருந்தல்ல. லோரடடீன் போன்ற பிந்திய மருந்துகள் அவ்வளவு தூக்கம் தருவதில்லை. இன்னொரு குழப்பமும் இங்கே தீர்க்கப்பட வேண்டியது. ஐஸ் போடாமல் கிடந்த சூரை, கும்பளா, சாளை ஆகியவற்றின் சதையில் பற்றீரியா ஹிஸ்டமினையே உண்டாக்கிவிடும். வேகவைத்தாலும் காயவைத்தாலும் அது போகாது. அதைத் தின்று முகம் சிவந்து தடித்தவருக்கு மீன் ஒவ்வாமை என்று சொல்லி வாழ்நாள் முழுக்க மீனை மறுப்பது, மீனையே உண்டு வாழும் வீட்டில் சிறிய தண்டனை அல்ல. சோளகத் தும்மலுக்கு இன்று கையில் உள்ள சிறந்த வழி மூக்கில் அடிக்கும் ஸ்டீரொயிட் தெளிப்பு. அது உடனே வேலை செய்யாது. பருவம் தொடங்க ஒன்றிரண்டு கிழமைக்கு முன்பே நாள்தோறும் அடிக்கத் தொடங்க வேண்டும். ஐரோப்பாவில் அந்த நாளைச் சொல்ல மகரந்தம் எண்ணும் நிலையங்கள் இருக்கின்றன. பேசாலையில் சித்திரை பிறந்ததும் கிராம வைத்தியசாலை அந்தத் தெளிப்பைத் தொய்வுக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கலாம். சோளகம் பெயரும் மாதம் அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.